சிபேப் மெஷின் போட ஆரம்பித்த பிறகு காலையில் எழுந்தால் தலைசுற்றுகிறது, யாருக்காவது இப்படி இருந்ததா?

கெடிலக்கரை | திங்கள், இரவு 7.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 54 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் காய்கறி மண்டி வைத்திருக்கிறேன். விடியற்காலையில் லோடு இறங்கும் என்பதால் இருபத்தைந்து வருடமாக மூன்றரை மணிக்கு எழுந்து பழக்கம். இரவு ஒன்பதுக்குள் படுத்துவிடுவேன்.

குறட்டை பல வருடமாக உண்டு. பகலில் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். போன சித்திரையில் பண்ருட்டியிலிருந்து வண்டி ஓட்டி வரும்போது நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு நொடி கண் அசந்து, வண்டி சாலையை விட்டு இறங்கிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதன்பிறகுதான் மகள் பிடிவாதமாகப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப்போய்த் தூக்கப் பரிசோதனை செய்யவைத்தாள். ஏ.எச்.ஐ. 42 என்று வந்தது. மணிக்கு 42 தடவை மூச்சு நிற்கிறது அல்லது பாதியாகக் குறைகிறது என்று விளக்கினார்கள். 30க்கு மேல் போனாலே கடுமையான ஸ்லீப் ஆப்னியாவாம், அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய். தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபேப் மெஷின் எழுதிக்கொடுத்தார்கள். அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகை. 6 முதல் 14 வரை வைத்திருக்கிறார்கள்.

போட ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. முதல் பத்து நாள் எனக்கே நம்பமுடியவில்லை. பகல் தூக்கம் போனது, காலைத் தலைவலி போனது. இரவில் நான்கு தடவை ஒன்றுக்கு எழுந்து போனவன் ஒரு தடவையோடு நின்றேன். வீட்டில் அவளும் இத்தனை வருடத்துக்கு அப்புறம் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குவதாகச் சொன்னாள்.

ஆனால் மூன்று வாரமாகக் காலையில் எழுந்தால் தலைசுற்றல். போன வியாழக்கிழமை கட்டிலிலிருந்து எழுந்து நாலு அடி வைப்பதற்குள் பீரோவில் தலை இடித்து விழுந்தேன். அதிலிருந்து இன்னும் மோசம். தம்பி வந்து பார்த்துவிட்டு, "ராத்திரி முழுக்க மூக்கில் காற்றை அடித்தால் மூளை என்னத்துக்கு ஆகும், அதைத் தூக்கிப் போடு" என்கிறான். நேற்று இரவு பயந்துபோய் மாஸ்க் போடவில்லை. காலையில் பழைய தலைவலி அப்படியே திரும்ப வந்துவிட்டது.

போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம் என்று இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாகூர் ஏரி | திங்கள், இரவு 8.15

அண்ணே, நான் ஆறு வருடமாக மெஷின் போடுகிறேன். உங்கள் தம்பி பாசத்தில் சொல்கிறார், ஆனால் காற்று மூளைக்குப் போகாது. மெஷினில் 10 என்று காட்டினால் அது 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். வீட்டில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் நிரப்பினால் அடியில் என்ன அழுத்தம் இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவுதான். தொண்டைச் சதை தளர்ந்து ஒட்டிக்கொள்ளாமல் உள்ளிருந்து தாங்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. 1981-ல் ஆஸ்திரேலியாவில் காலின் சலிவன் என்ற டாக்டர் ஐந்து நோயாளிகளுக்கு இதை வைத்துக் காட்டினார். இன்றைக்கும் இதன் அடிப்படை அதேதான்.

ஆனால் உங்கள் தலைசுற்றல் உண்மை, அதற்கு ஒரு காரணம் இருக்கும். சில கேள்விகள். மாஸ்க் போட்டால் காது அடைத்த மாதிரி இருக்கிறதா? சளி, மூக்கடைப்பு உண்டா? மெஷினிலோ போனிலோ காலையில் ஏ.எச்.ஐ. எவ்வளவு, லீக், அதாவது மாஸ்க்கில் காற்றுக் கசிவு, எவ்வளவு காட்டுகிறது? வாய் உலர்கிறதா? படுத்திருக்கும்போதே சுற்றுகிறதா, எழுந்து நின்றால்தானா?

அரியாங்குப்பத்து அண்ணன் | திங்கள், இரவு 8.50

நான் வேறு மாதிரி நினைக்கிறேன். விழுந்து தலையில் அடிபட்டிருக்கிறது. இந்த நிலைமையில் டாக்டரைப் பார்க்கும்வரை நாலு நாள் மெஷினை நிறுத்தி வைப்பதில் என்ன தப்பு? என் மூத்த அண்ணனுக்குப் புதிதாக எதை ஆரம்பித்தாலும் ஒத்துக்கொள்ளாது. அதை நிறுத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிப்போம்.

பாகூர் ஏரி | திங்கள், இரவு 9.05

நிறுத்திப் பார்ப்பது ஒரு வழிதான் அண்ணே, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இவர் 42 உள்ளவர். வண்டி ஓட்டும்போது கண் அசந்தவர். நாலு நாள் மாஸ்க் இல்லாமல் படுத்து, பகலில் மறுபடி வண்டி எடுத்தால் அந்த ஆபத்தும் கணக்கில் வரவேண்டும். எந்த டாக்டரும் நேரில் நிறுத்தச் சொல்லாதவரை நான் போட்டுக்கொண்டேதான் படுப்பேன். போடாத நாளில் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள், அவ்வளவுதான் கேட்டுக்கொள்கிறேன்.

லாஸ்பேட்டை சிஸ்டர் | திங்கள், இரவு 9.40

முப்பது வருடம் வார்டில் இருந்து ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ் நான். தலையில் அடிபட்டதாகப் படித்ததும் வேறு எதையும் பேசத் தோன்றவில்லை. முதலில் அதைச் சொல்கிறேன்.

ஐயா, ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை போடுகிறீர்களா? ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி? விழுந்த பிறகு வாந்தி, நாளுக்கு நாள் கூடும் தலைவலி, அதிகத் தூக்கக் கலக்கம் உண்டா? பேச்சுக் குழறல், வாய் ஒரு பக்கம் இழுப்பது, ஒரு கை அல்லது காலில் பலம் குறைவது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, பிடித்துக்கொண்டுகூட நடக்கமுடியாமல் போவது, இதில் ஒன்று இருந்தாலும் இதைப் படிப்பதை விட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம்.

அப்படி எதுவும் இல்லை என்றால் மேலே படியுங்கள்.

நாம் எல்லாவற்றையும் தலைசுற்றல் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் டாக்டரிடம் போகும்போது அதைப் பிரித்துச் சொன்னால் பாதி வழி தெளிந்துவிடும். அறையும் மின்விசிறியும் சுழல்வது போல இருப்பது ஒன்று. அது பெரும்பாலும் உள்காது சமாச்சாரம். நின்றவுடன் கண் இருட்டிக்கொண்டு வந்து, விழப்போகிறோம் என்று தோன்றுவது இன்னொன்று. அதில் பி.பி.யைத்தான் முதலில் பார்ப்பார்கள். மூன்றாவது, சுற்றலும் இல்லை, இருட்டலும் இல்லை, தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி மந்தமாக இருப்பது. தூக்கம் போதாதபோதும், சர்க்கரை இறங்கினாலும், சில மாத்திரைகளாலும் அப்படி வரும்.

உங்களுக்கு எது? எந்த நிமிடத்தில் வருகிறது, எத்தனை வினாடி நிற்கிறது? வீட்டில் பி.பி. மெஷின் இருந்தால் நாளைக் காலை எழுந்ததும் ஒரு கணக்கு எடுங்கள். படுத்தபடியே ஐந்து நிமிடம் இருந்து ஒரு அளவு. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று. மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. பக்கத்தில் அம்மாவோ பிள்ளையோ கட்டாயம் நிற்கவேண்டும். கண் இருட்டினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள், அளவு முக்கியமில்லை. மேலே உள்ள எண் 20 அல்லது கீழே உள்ளது 10 இறங்கினால் அது கவனிக்கவேண்டிய இறக்கம்.

அப்புறம், நீங்கள் போடும் எல்லா மாத்திரைகளையும் எழுதுங்கள். எந்த டாக்டர் கொடுத்தது என்பது முக்கியமில்லை, எல்லாமே வேண்டும்.

முத்தியால்பேட்டை | செவ்வாய், காலை 6.20

எனக்கு வந்தது மெஷினால்தான், அதையும் பதிவு செய்கிறேன். சளி பிடித்த வாரத்தில் மாஸ்க் போட்டுப் படுத்தேன். மூக்கையும் நடுக்காதையும் இணைக்கும் மெல்லிய குழாய் ஒன்று இருக்கிறதே, அது சளியால் அடைத்திருக்கும்போது அழுத்தக் காற்று அங்கே போய் முட்டுகிறது. காலையில் காது அடைத்து, விமானத்தில் இறங்குவது போல இருந்தது. நடந்தால் ஒரு பக்கம் தள்ளியது. காது, மூக்கு, தொண்டை டாக்டர் மூக்குக்கு ஸ்ப்ரே கொடுத்தார். தூக்க டாக்டர் இரண்டு வாரம் அழுத்தத்தின் மேல் அளவைக் குறைத்து வைத்தார். சளி போனதும் சரியாகிவிட்டது.

இன்னொன்று, மெஷினில் உள்ள ஈரப்பதமூட்டியில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் கடற்கரை ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. தொட்டி அடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்றவேண்டும்.

கெடிலக்கரை | செவ்வாய், காலை 10.30

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மண்டி வேலை முடித்து இப்போதுதான் உட்கார்ந்தேன்.

சிஸ்டர், நீங்கள் சொன்ன ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையும் போடவில்லை. நேற்று இரவு மாஸ்க் போட்டுக்கொண்டேன். காது அடைப்பு, சளி இல்லை. போனில் ஏ.எச்.ஐ. 3.1 காட்டுகிறது. லீக் சரி என்று பச்சையில் சிரிக்கிறது.

நீங்கள் பிரித்துக் கேட்டபிறகு யோசித்துப் பார்த்தால் எனக்கு இரண்டுவிதமாக இருக்கிறது. ஒன்று, நின்றவுடன் கண் இருட்டுவது. இதுதான் மூன்று வாரமாக. இன்னொன்று, படுக்கையில் வலது பக்கம் புரண்டால் அறையே சுழல்கிறது, இருபது எண்ணுவதற்குள் நின்றுவிடுகிறது. மேலே அடுக்கிய தக்காளிக் கிரேட்டை அண்ணாந்து பார்த்தாலும் வருகிறது. இது விழுந்த பிறகுதான் ஆரம்பித்தது. இரண்டையும் ஒன்று என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகன் பக்கத்தில் நின்று பி.பி. எடுத்தான். படுத்தபடி 126/78. நின்று ஒரு நிமிடத்தில் 98/64, மூன்றாவது நிமிடத்தில் 100/66. சர்க்கரையும் பார்த்தோம், 112.

மாத்திரை: காலையில் டெல்மிசார்டன் 40, அதோடு சேர்ந்தே ஹைட்ரோகுளோரோதயாசைடு 12.5. இரவில் அம்லோடிபின் 5. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் இரண்டு வேளை. அப்புறம் சிறுநீருக்கு டாம்சுலோசின் என்று ஒன்று இரவில் போடுகிறேன். அது வேறு டாக்டர் கொடுத்தது, இதில் சேருமா தெரியவில்லை.

லாஸ்பேட்டை சிஸ்டர் | செவ்வாய், காலை 11.05

சேரும் ஐயா. அந்தக் கடைசி மாத்திரையை எப்போது ஆரம்பித்தீர்கள்?

கெடிலக்கரை | செவ்வாய், காலை 11.20

மெஷின் வாங்குவதற்கு முன்பே யூராலஜி டாக்டரிடம் தேதி வாங்கியிருந்தேன், இரவில் நான்கு தடவை எழுந்துகொண்டிருந்தேன் அல்லவா. அந்தத் தேதி வந்ததும் போய்ப் பார்த்தேன். ஸ்கேன் எடுத்து ப்ராஸ்டேட் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்று கொடுத்தார். இப்போது கணக்குப் பார்த்தால்... மூன்று வாரம் ஆகிறது.

பாகூர் ஏரி | செவ்வாய், காலை 11.32

அண்ணே, தலைசுற்றலும் மூன்று வாரம்தான்.

லாஸ்பேட்டை சிஸ்டர் | செவ்வாய், மதியம் 12.10

இதைச் சற்று விளக்கமாக எழுதுகிறேன். உங்களைப் போல இன்னும் பலர் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

டாம்சுலோசின் ப்ராஸ்டேட் பகுதியின் தசையைத் தளர்த்திச் சிறுநீர் எளிதாக வர உதவுகிறது. அதே வகைத் தளர்ச்சி ரத்தக்குழாய்களிலும் கொஞ்சம் நடக்கும். நாம் எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும், உடனே குழாய்கள் இறுகி அதை மேலே தள்ளவேண்டும். அந்த இறுக்கம் தாமதமானால் மூளைக்குப் போகும் ரத்தம் சில வினாடி குறைந்து கண் இருட்டும். உங்களுக்கு மேலே 28 இறங்கியிருக்கிறது, கீழே 14. ஏற்கெனவே மூன்று பி.பி. மருந்து. அதில் ஒன்று உப்பையும் நீரையும் வெளியேற்றுவது. மண்டியில் வியர்வை வேறு. இதெல்லாம் சேர்ந்த இடத்தில் இது வந்து உட்கார்ந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முடிவு செய்யவேண்டியது உங்கள் டாக்டர்தான்.

மெஷினுக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு இருக்கலாம், ஆனால் உங்கள் தம்பி நினைக்கிற மாதிரி இல்லை. மூச்சு அடைபடும் ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் இறங்கி, உடம்பு பதறி, ரத்தக்குழாய் இறுகி, பி.பி. ஏறும். மணிக்கு 42 தடவை நடந்துகொண்டிருந்த அந்தப் பதற்றம் இப்போது நின்றுவிட்டது. மொத்தமாகப் பார்த்தால் சிபேப் போட்டு இறங்கும் பி.பி. சராசரியாக 2, 3 புள்ளிதான். ஆனால் பல மாத்திரை போட்டும் அடங்காத பி.பி. உள்ளவர்களுக்கும், இரவு முழுக்க ஒழுங்காகப் போடுகிறவர்களுக்கும் அதைவிடக் கூடுதலாக இறங்கக்கூடும். உங்கள் மாத்திரை அளவு மெஷின் வருவதற்கு முன்னால் போட்ட கணக்கு. இப்போது உடம்பு மாறியிருக்கிறது, கணக்கையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். இரவில் அடிக்கடி ஒன்றுக்குப் போவதே பலருக்கு ஸ்லீப் ஆப்னியாவால்தான் வருகிறது. அடைபட்ட தொண்டையை எதிர்த்து மூச்சிழுக்கும்போது இதயம் இழுபடுகிறது, அது நீரை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. மெஷின் போட்ட பத்து நாளிலேயே நீங்கள் நான்கிலிருந்து ஒன்றுக்கு வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரை ஆரம்பித்தது அதற்குப் பிறகு. இதை யூராலஜி டாக்டரிடம் சொன்னீர்களா?

இரண்டாவது சுற்றல் வேறு கதை. உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள், அதாவது கால்சியம் கார்பனேட் படிகங்கள், ஒரு மெத்தை போன்ற இடத்தில் ஒட்டியிருக்கும். தலையில் இடித்தால் அவை பிய்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுவது உண்டு. தலையைத் திருப்பும்போது அவை உருள, உருள, உலகமே சுழல்வதாக மூளைக்குத் தகவல் போகும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். பி.பி.பி.வி. என்பார்கள். காது, மூக்கு, தொண்டை டாக்டர் டிக்ஸ்-ஹால்பைக் என்று தலையைத் திருப்பிப் படுக்கவைத்துக் கண் அசைவைப் பார்ப்பார். உறுதியானால் எப்லி முறையில் தலையை நாலைந்து நிலைகளில் மெதுவாகத் திருப்பித் துகள்களைப் பழைய இடத்துக்கு அனுப்புவார். பலருக்கு ஒன்றிரண்டு தடவையில் விட்டுவிடும்.

நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தவேண்டாம். இன்றே டாக்டருக்குப் போன் செய்து இந்த மூன்று அளவுகளையும் சொல்லுங்கள். விழுந்தவர் என்று சொன்னால் தள்ளிப்போடமாட்டார்கள்.

அரியாங்குப்பத்து அண்ணன் | செவ்வாய், மதியம் 1.00

சிஸ்டர் சொன்னதைப் படித்தபிறகு நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். மெஷினை மட்டும் நிறுத்திப் பார்த்திருந்தால் இருட்டல் அப்படியே இருந்திருக்கும், நாங்களும் வேறு எங்கேயோ தேடியிருப்போம்.

ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் அம்மாவுக்குச் சுற்றல் வந்தபோது மருந்துக்கடையில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கி எட்டு மாதமாகக் கொடுத்து வருகிறோம். அது நல்லதா?

லாஸ்பேட்டை சிஸ்டர் | செவ்வாய், மதியம் 1.25

பெயரைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் தம்பி. சினரிசின், புரோகுளோர்பெரசின் மாதிரியானவை சுற்றலின் ஆரம்ப நாட்களில் வாந்தியையும் தவிப்பையும் அடக்கக் கொடுப்பவை. மாதக்கணக்கில் போட்டால் மூளை தன்னைச் சரிசெய்துகொள்வதைத் தாமதப்படுத்தும். வயதானவர்களுக்குக் கை நடுக்கம், நடை தளர்ச்சி, பார்கின்சன் நோய் மாதிரியே கொண்டுவந்துவிடும். எட்டு மாதம் என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. அம்மாவின் நடையைக் கவனியுங்கள், இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.

அரியாங்குப்பத்து அண்ணன் | செவ்வாய், மதியம் 1.48

சினரிசின்தான் சிஸ்டர். கை நடுங்குகிறது. வயதாகிவிட்டது என்று நினைத்தோம். நாளைக் காலை கோரிமேடு ஜிப்மருக்கு அழைத்துப்போகிறேன்.

நெய்வேலி சுரங்கம் | செவ்வாய், இரவு 9.15

தாமதமாக வருகிறேன். மெஷின் போட்டும் காலையில் தலை மந்தமாக இருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால் அவர்களுக்காக ஒன்று.

எனக்குப் பரிசோதனையில் ஏ.எச்.ஐ. 38. மெஷின் போட்டபிறகும் 17-க்குக் கீழே வரவில்லை. காலையில் தலை கனத்து, தள்ளாட்டமாக இருக்கும். நான் அழுத்தம் போதவில்லை என்று நினைத்து நானே மெனுவுக்குள் போய் ஏற்றினேன். இன்னும் மோசமானது. டாக்டர் மெஷினின் மெமரி கார்டை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மீதி இருப்பதில் பெரும்பகுதி தொண்டை அடைப்பு இல்லை. தொண்டை திறந்திருக்கிறது, ஆனால் மூளை மூச்சு இழு என்று சொல்லத் தாமதிக்கிறது. சென்ட்ரல் ஆப்னியா. சிபேப் ஆரம்பித்த சிலருக்கு இது புதிதாகத் தலைகாட்டும், நிறையப் பேருக்குச் சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் தானே குறைந்துவிடும் என்றார். எனக்கு மேல் அழுத்தத்தைக் குறைத்து வைத்தார், மூன்று மாதத்தில் 5-க்கு வந்தது.

குறையாவிட்டால் வேறுவகை மெஷின் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொன்னார். 2015-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், இதயம் பம்ப் செய்யும் திறன் குறைந்தவர்களுக்கு அந்தவகை மெஷின் இதய மரணத்தை அதிகப்படுத்தியது தெரியவந்ததாம். ஆகவே யாரும் என்னைப் போல மெனுவுக்குள் போய்க் கைவைக்காதீர்கள். கெடிலக்கரை அண்ணனுக்கு 3.1 வருகிறது, அவருக்கு இந்தப் பிரச்சினை இருப்பதாகத் தெரியவில்லை.

முதுநகர் துறைமுகம் | புதன், காலை 7.10

நடுவில் வேறு விஷயம் கேட்பதற்கு மன்னிக்கவேண்டும். ஐப்பசி பிறந்தால் நம் பக்கம் கரண்ட் போவது வழக்கம். 2011 தானே புயலுக்கு எங்கள் தெருவில் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று கணக்கே இல்லை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் கரை கடந்த இரவும் அப்படித்தான். அப்பா மெஷின் போடுகிறார். தூக்கத்தில் கரண்ட் போனால் மாஸ்க்குக்குள் மூச்சு முட்டாதா?

பாகூர் ஏரி | புதன், காலை 7.45

முட்டாது தம்பி. மாஸ்க்கில் காற்று வெளியேறச் சின்னத் துளைகள் இருக்கும். மூக்கும் வாயும் மூடும் பெரிய மாஸ்க் என்றால், காற்று நின்றதும் திறந்துகொள்ளும் ஒரு வால்வு இருக்கும். அதைக் கழுவும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காற்று நின்றதுமே விழிப்பு வந்துவிடும்.

ஃபெஞ்சல் இரவு நான் வீட்டு இன்வெர்ட்டரில்தான் ஓட்டினேன். மெஷின் மோட்டார் குறைவாகத்தான் இழுக்கும், சூடேற்றும் ஈரப்பதமூட்டியும் சூடான குழாயும்தான் கரண்டைத் தின்னும். அவை இரண்டையும் நிறுத்திவிட்டால் பேட்டரி பல மடங்கு நேரம் தாங்கும். மூக்கு ஒரு இரவு உலரும், பரவாயில்லை. ஃபேனையும் மற்ற விளக்கையும் அணைத்துவிட்டேன். விடியும்வரை வந்தது. கரண்டே இல்லாத இரவில் அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைப்பக்கம் உயர்த்துங்கள். மல்லாந்து படுத்தால்தான் நாக்கு பின்னால் விழுந்து அடைப்பது அதிகம்.

கெடிலக்கரை | புதன், இரவு 8.30

இன்று சாயங்காலம் பி.பி. பார்க்கும் டாக்டரைப் பார்த்தேன். சிஸ்டர் சொன்ன அளவுகளை மகள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். அவரும் கிளினிக்கில் படுக்கவைத்து, நிற்கவைத்து எடுத்தார், 24 இறங்கியது. 'டாம்சுலோசின் போடுகிறீர்கள் என்று என்னிடம் சொல்லவேயில்லையே' என்றார். யூராலஜி டாக்டரிடமும் நான் மெஷின் போடுவதைச் சொல்லவில்லை. ஒருவர் மூச்சுக்கு, ஒருவர் பி.பி.க்கு, ஒருவர் சிறுநீருக்கு என்று மூன்று இடத்தில் மூன்று சீட்டு வைத்திருந்தேன். மூன்றையும் ஒன்றாக யாரும் பார்க்கவில்லை, நான் காட்டவுமில்லை.

அங்கேயே யூராலஜி டாக்டரிடம் போனில் பேசி, டாம்சுலோசினை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். பி.பி. மாத்திரையில் நீர் மாத்திரை சேராத வகையாக மாற்றியிருக்கிறார். பத்து நாள் காலை, மாலை பி.பி. எழுதி எடுத்துவரவேண்டும். எழுந்ததும் நிற்காமல் இரண்டு நிமிடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, பிறகு பிடித்துக்கொண்டு எழவேண்டும் என்றார். அடிபட்டதற்காகத் தலைக்கு ஸ்கேனும் எடுத்தோம், ஒன்றும் இல்லை.

வில்லியனூர் | வியாழன், காலை 6.00

இதைப் படித்துவிட்டு என் கணவர் பி.பி. மாத்திரையை இன்று காலை நிறுத்தப் போவதாகச் சொல்கிறார். அவருக்கும் மெஷின், அவருக்கும் தலைசுற்றல். இரண்டு வருடத்துக்கு முன் அவராகவே மாத்திரையை விட்டு, பி.பி. 190 வரை ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். யாராவது அவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், இங்கே எழுதினால் படிப்பார்.

லாஸ்பேட்டை சிஸ்டர் | வியாழன், காலை 6.35

ஐயா, இதை உங்களுக்காகவே எழுதுகிறேன். கெடிலக்கரை ஐயாவுக்குச் சரியான மாற்றம் உங்களுக்குத் தவறாக இருக்கலாம். சில பி.பி. மருந்துகளைத் திடீரென்று விட்டால் இருந்ததைவிட அதிகமாக ஏறும். படுத்து ஒன்று, நின்று இரண்டு, இந்த மூன்று அளவுகளையும் இன்று எடுங்கள். இறங்கவே இல்லை என்றால் உங்கள் சுற்றலுக்குக் காரணம் வேறு. மாத்திரையைப் போட்டுவிட்டு, அளவுகளோடு டாக்டரைப் பாருங்கள். உங்கள் வீட்டம்மா எவ்வளவு பயந்துபோய் எழுதியிருக்கிறார் என்பதையும் பாருங்கள்.

வில்லியனூர் | வியாழன், காலை 7.20

போட்டுவிட்டார். 148/90, நின்றால் 146/92. இறங்கவில்லை. இன்று டாக்டரிடம் போகிறோம். நன்றி சிஸ்டர்.

கெடிலக்கரை | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.10

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, மண்டியில் வரத்து அதிகம், அதனால் தாமதம்.

நிற்கும்போது கண் இருட்டுவது டாம்சுலோசினை நிறுத்திய நாலாவது நாளோடு நின்றது. நேற்றைய அளவு படுத்தபடி 128/80, நின்று மூன்றாவது நிமிடம் 120/80. இரவில் ஒன்றுக்கு எழுவது இப்போதும் ஒரு தடவைதான். யூராலஜி டாக்டர் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கிறேன் என்றார்.

சுழலும் சுற்றலுக்கு மஞ்சக்குப்பத்தில் காது டாக்டரைப் பார்த்தேன். தலையை வலதுபக்கம் திருப்பிச் சட்டென்று பின்னால் படுக்கவைத்தார். அறை சுழன்ற சுழலில் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண் துடிக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு வலது காதுதான் என்றார். அங்கேயே எப்லி செய்தார். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடத்துக்குமேல் வைத்திருந்தார். முதல் தடவையில் பாதி குறைந்தது, ஒரு வாரம் கழித்து மறுபடி செய்தபிறகு புரண்டால் ஒன்றும் இல்லை. வீட்டில் செய்யும் வீடியோக்களைப் பற்றிக் கேட்டேன். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் செய்யக்கூடாது, கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் நிச்சயம் கூடாது என்றார். மறுபடி வரவும் வாய்ப்பு உண்டாம், வந்தால் பயப்படாமல் வாருங்கள் என்றார்.

அண்ணாந்து பார்க்கும்போது மட்டும் இன்னும் லேசான தடுமாற்றம் இருக்கிறது. அதனால் மேல் கிரேட்டைப் பையன்தான் எடுக்கிறான்.

அலாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் வைத்துவிட்டேன். கட்டில் பக்கத்தில் இருந்த பீரோவை எதிர்ச்சுவருக்கு நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் வீட்டில் அவள் ஒரு கைப்பிடி நாற்காலி போட்டிருக்கிறாள். தம்பியும் நேற்று வந்திருந்தான். அவனுக்கும் குறட்டை, அவனும் பகலில் கண் சொருகுகிறவன்தான். டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் காட்டி, பாகூர் தம்பி சொன்னதைச் சொன்னேன். வருகிற வெள்ளிக்கிழமை தூக்கப் பரிசோதனைக்கு என்னோடு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டான்.

அரியாங்குப்பத்து அண்ணனே, அம்மா எப்படி இருக்கிறார்?

அரியாங்குப்பத்து அண்ணன் | ஞாயிறு, இரவு 7.25

சினரிசினை டாக்டர் நிறுத்திவிட்டார் அண்ணே. நடுக்கம் போக மாதக்கணக்கில் ஆகலாம் என்று சொன்னார்கள். இன்று காலை டீ டம்ளரை ஒரு கையால் பிடித்துக் குடித்தார்.